படம் போட்ட பகடை

மெஹர் துணிப்பையைக் கவிழ்த்ததும் பகடைகள் மேசை முழுக்க உருண்டோடின. ஒன்று மட்டும் கூட்டத்தைவிட்டுத் தனியாக வந்து என் டீ டம்ளரில் முட்டி நின்றது. எடுத்துப் பார்க்கிறேன், எண் இல்லை, மீன் இருக்கிறது. வாலை ஒருபக்கமாக வளைத்துக்கொண்டு என்னையே பார்க்கிற சின்ன மீன். திருப்பினால் கதவு. இன்னொரு பக்கம் கயிறு. தீ, கண், அப்புறம் ஒன்றுமே வரையாத வெறும் முகம். எண் எங்கே? இன்னொரு பகடையை எடுக்கிறேன், அதிலும் அதே மீனும் கதவும்தான், மூன்றாவதையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், அப்படித்தான். "இனிமே கொஞ்ச நாளைக்கு இதான் ஆட்டம். மூணு பகடை உருட்டணும், விழுந்த படத்த வச்சு என்ன நடந்துச்சுன்னு உருட்டுனவங்களே வாயால சொல்லணும். கூட்டல் கழித்தல் ஒண்ணும் கிடையாது," என்கிறாள் மெஹர். வாயால சொல்லணும். அவள் பள்ளிக்கூடத்திலிருந்தே என்னோடு படித்தவள், இப்போது கணக்கு டியூஷன் எடுப்பவள், இந்த மாடியில் வாரம் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சமன்பாடு போடுகிறவள், அவளுக்கு எண் கசந்துவிட்டது என்றால் நான் எங்கே போவேன். கரும்பலகையில் நேற்றைய எக்ஸும் ஒய்யும் இன்னும் அழியாமல் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

நாங்கள் நாலு பேர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் இங்கே கூடிவிடுவோம், பல வருஷப் பழக்கம். ஒருவர் கதையை நடத்துவார், மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷமாக இருப்போம். மலை ஏறுவோம், அரக்கனை மறிப்போம், புதையலைத் தோண்டுவோம். நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். இருபது முகமுள்ள பகடை. பெரிய எண் விழுந்தால் அரக்கனின் தலை, சின்ன எண் விழுந்தால் நம் கால். என் ஆள் ஒரு கோடாலி வீரன், பேசுவதில்லை என்று விரதம் எடுத்தவன். அந்த விரதத்தை அவனுக்கு நான்தான் கொடுத்தேன், என்ன ஒரு கம்பீரமான ஆளுடா என்று எல்லோரும் மெச்சினார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததற்காகத்தான் நான் ஒவ்வொரு ஞாயிறும் வருகிறேன். உருட்டுவேன், விழுந்த எண்ணை விரலால் முன்னே தள்ளுவேன், ஜெரால்டு அதைப் படித்துக் கத்துவான், "பதினெட்டுடா! ரங்கா, வெட்டுடா அவன!" அவ்வளவுதான், அரக்கன் செத்தான், நான் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனாலும் நான்தான் அரக்கனைக் கொன்றேன்.

என் பெயர் பாண்டுரங்கன். இப்போது உள்ளுக்குள் சொல்வதால் இவ்வளவு சுலபமாக வருகிறது. உள்ளே எனக்குத் தடையே கிடையாது, வைகையில் வெள்ளம் வந்த மாதிரி போய்க்கொண்டே இருப்பேன், வாய்க்கு வரும்போதுதான் மதகு மூடிக்கொள்ளும். அதுவும் ப. அதற்கடுத்தபடி க. உதடு ஒட்டிக்கொள்ளும், கழுத்து இறுகும், எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு கருணை வந்து உட்காரும், அந்தக் கருணையைப் பார்த்தால் இன்னும் இறுகும். பெற்றவர்கள் பா-வில் பெயர் வைத்தது அவர்கள் தப்பில்லை, பிறக்கும்போது நான் தெளிவாகத்தான் அழுதிருப்பேன். யாராவது பெயர் கேட்டால் ரங்கன் என்பேன். பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு டிக்கெட் கேட்க வராது, அதற்கு முன்னால் வருகிற சிம்மக்கல் என்று சொல்லி இறங்கி வெயிலில் நடப்பேன். கீழே வண்டிக்காரரிடம் பருத்திப்பால் வாசம் மூக்கைத் துளைக்கும், நான் டீ கேட்பேன். எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் சேர்ந்ததுகூட, அங்கே பேச வேண்டியது இரண்டே வாக்கியம் என்பதால்தான். மூச்சை இழுங்க, அப்படியே இருங்க. தினமும் சொல்லிச் சொல்லி அது பாட்டு மாதிரி ஆகிவிட்டது, பாட்டில் திக்காது. இந்த எண்களில் ஒரு வேடிக்கை பாருங்கள், தமிழில் பத்துக்கு மேலே எல்லாமே ப. பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று, பத்தொன்பது வரைக்கும் வரிசையாக ப, இருபது ஒன்றுதான் தப்பித்தது. ஆட்டத்தில் எவ்வளவுக்கு எவ்வளவு நல்ல எண் விழுகிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு என்னால் சொல்ல முடியாத எண். யார் செய்த சதியோ. ஆனால் எண்ணைச் சொல்லத்தான் வேண்டும் என்றில்லை, காட்டினால் போதும், பதினெட்டு என்றால் பார்க்கிற எல்லோருக்கும் பதினெட்டுதான். மீனைக் காட்டினால்? மீன் என்ன செய்தது, எங்கே போனது, ஏன் வந்தது? மீனுக்கு வாய் வேண்டும்.

நல்லவேளை ஜெரால்டு சண்டைக்கு நிற்கிறான். அவன் டூவீலர் ஷோரூமில் வண்டி விற்கிறவன், சைக்கிள் போதும் என்று வந்தவரைப் புல்லட்டில் அனுப்பிவைக்கிற வாய். அவனுடைய சிவப்புப் பகடையைக் குங்குமச் சிமிழில் வைத்துக்கொண்டு வருவான். ஜெரால்டு வீட்டில் குங்குமச் சிமிழ் எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. உருட்டுவதற்கு முன் ஊதுவான், வேறு யாராவது தொட்டுவிட்டால் கழுவிவிட்டுத்தான் மறுபடி எடுப்பான். "என்ன மெஹரு இது, எல்கேஜி பிள்ளைக அட்டை மாதிரி இருக்கு. பகடைன்னா நம்பர் வேணாமா? நம்பர் இருந்தாத்தான் ஜெயிச்சமா தோத்தமான்னு தெரியும்," என்கிறான். பேசு ஜெரால்டு, விடாதே, நீ ஜெயித்துவிட்டால் நான் வாயே திறக்க வேண்டியதில்லை. தாட்சா அக்கா டீயை ஊதிக்கொண்டே சிரிக்கிறார். தாட்சாயணி என்பது முழுப்பெயர், மாட்டு டாக்டர், மேலூர்ப் பக்கம் வேலை, எங்களில் மூத்தவர். "எங்க வீட்டுல சோழி போட்டுத்தான் விளையாடுவோம். சோழியில நம்பரா எழுதியிருக்கு? மல்லாந்திருக்கா கவுந்திருக்கான்னு பாத்து நாமதானப்பா சொல்றோம்," என்கிறார். "அங்கயும் எண்ணுறீங்கள்ல டாக்டரக்கா?" "எண்ணுறது நாமதான? சோழியா எண்ணுது?" ஜெரால்டு ஒரு நிமிஷம் யோசிக்கிறான். யோசிக்காதே ஜெரால்டு. சிவப்புப் பகடையை விட்டுக்கொடுக்காதே, பழகினது பழகினதுதான் என்று சொல், உருட்டிப் பழகிய கை வேறு பகடையை ஏற்காது என்று சொல், நீ சொன்னால் அது ரசனை, நான் சொன்னால் அது திக்கல். "சரி, இன்னிக்கு ஒரு நாள் பாப்போம்," என்று சிமிழை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான். அவ்வளவுதான். என் கோட்டை விழுந்த சத்தம் ஒரு சிமிழ் மூடுகிற சத்தம்தான். நான் கைபேசியை எடுத்து மேசைக்கடியில் வைத்துக்கொண்டு தட்டச்சு செய்கிறேன், அடுத்த வாரத்திலிருந்து எனக்கு ஞாயிறும் டியூட்டி, மன்னிக்கவும். கை வழியாக வரும்போது எனக்கு க-வும் திக்காது, ப-வும் திக்காது. வீட்டுக்குப் போய் அனுப்பிக்கொள்ளலாம் என்று வைக்கிறேன். ஞாயிறு இல்லாமல் வாரம் எப்படி இருக்கும் என்று ஒரு கணம் யோசித்துப் பார்க்கிறேன். எலும்பு, எலும்பு, எலும்பு, மூச்சை இழுங்க, அப்படியே இருங்க.

மெஹர் கதையை ஆரம்பித்துவிட்டாள். "ஒரு அரண்மனை. நீங்க மூணு பேரும் அங்க சமையக்காரங்க. காலையிலிருந்து ராஜாவக் காணோம். சாயந்திரம் விருந்து, வெளியூர் ராஜாக்கள்லாம் வர்றாங்க. ராஜா இல்லன்னு தெரிஞ்சா நாடு போச்சு." சமையல்காரர்களா! கோடாலி இல்லையா, அரக்கன் இல்லையா? பயத்துக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வருகிறது, சமையல்காரர்கள் நாட்டைக் காப்பாற்றுவது என்பது நியாயமான விஷயம்தான், சாப்பாடு நன்றாக இருந்தால் ராஜா எங்கே என்று யார் கேட்கப்போகிறார்கள். தாட்சா அக்கா முதலில் உருட்டுகிறார், தீ, மீன், கண். கொஞ்சமும் தயங்காமல், "அடுப்புல தீ எரியுது. சட்டியில மீன் குழம்புக்கு மீனப் போடப் போறேன். அது என்னயப் பாத்துக் கண்ணச் சிமிட்டுது," என்கிறார். "அதுக்கு என்ன?" என்கிறான் ஜெரால்டு. "அதுக்கு என்னவா? டேய், மீனுக்கு இமையே கிடையாதுடா. கண்ணச் சிமிட்டுற மீனு மீனே இல்ல." அக்கா சட்டென்று குரலைத் தாழ்த்துகிறார். "அதான்டா ராஜா." நாங்கள் ஓ என்று கத்துகிறோம், மெஹர் நாற்காலியிலேயே குதிக்கிறாள், ஜெரால்டு மேசையைத் தட்டுகிறான், நானும் கத்துகிறேன், கத்துவதற்கு எழுத்து வேண்டியதில்லையே. ராஜா சட்டிக்குள் இருக்கிறார்! தண்ணீர் சூடாகிக்கொண்டிருக்கிறது! இது எந்த எண்ணிலிருந்து வந்திருக்கும்? இருபது விழுந்தாலும் ராஜா மீனாகியிருப்பாரா? இப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே மூன்று பகடையும் என் முன்னால் வந்து நிற்கின்றன. "ரங்கா, நீதான். ராஜாவ யாருக்கும் தெரியாம சட்டியோட வெளிய கொண்டு போகணும், தோட்டத்துக் குளத்துல விடணும்," என்கிறாள் மெஹர்.

உருட்டுகிறேன். பழக்கத்தில் விரல் முன்னே நீண்டு பகடையைத் தள்ளுகிறது, கதவு, கயிறு, வெறும் முகம். தள்ளிவிட்டு ஜெரால்டைப் பார்க்கிறேன், அவன் பகடையைப் பார்க்கிறான், கத்துவதற்கு அங்கே அவனுக்கு ஒன்றும் இல்லை. "வெறும் முகம்னா நீ என்ன வேணும்னாலும் வச்சுக்கலாம்," என்கிறாள் மெஹர். மூன்று பேரும் என்னைப் பார்க்கிறார்கள். கதவு. கயிறு. இரண்டுமே க, உலகத்தில் எத்தனை எழுத்து இருக்கிறது. என் மூளை வழக்கமான வேலையை ஆரம்பிக்கிறது, கதவுக்கு வாசல் என்று சொல்லலாம், கயிற்றுக்கு வடம், ஆனால் வடம் என்றால் தேர் வந்துவிடும், சமையலறையில் தேர் எதற்கு, நூல் என்று சொன்னால் அறுந்துவிடும், வாசல் என்றால் திறந்தே கிடக்கும், எனக்குத் திறந்து கிடக்கிற வாசல் வேண்டாம், எனக்கு மூடிய கதவு வேண்டும், ராஜாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து முட்டிக்கொள்கிற மாதிரி ஒரு கதவு வேண்டும், அதை நான் பார்க்கிறேன், பச்சைப் பெயிண்ட் உதிர்ந்த கதவு, கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பூனை. எத்தனை வருஷமாக இப்படி எனக்குப் பிடித்த சொல்லை விட்டுவிட்டுப் பக்கத்துச் சொல்லை எடுத்துக்கொண்டு வருகிறேன், சிம்மக்கல்லில் இறங்கி இறங்கி நடந்த மாதிரி. வேண்டாம். கதவு என்றால் கதவுதான். வாயைத் திறக்கிறேன். "சமையக்கட்டத் தாண்டுனா ஒரு க, க, க..." வந்துவிட்டது, மதகு மூடிக்கொண்டது, தொண்டையில் க ஒரு கல் மாதிரி நிற்கிறது. ஜெரால்டு உதவிக்கு வருகிறான், அவனால் சும்மா இருக்க முடியாது, விற்பனைக்காரன், "கத்தியா?" நான் தலையாட்டுகிறேன், இல்லை. "கரண்டி?" இல்லை. "கடுகு?" இல்லை, இல்லை. "கழுதையா?" என்கிறான் ஜெரால்டு, ரொம்பவும் அக்கறையாக, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, மனப்பூர்வமாகக் கேட்கிறான்.

கழுதை! சமையலறைக்குப் பின்னால் கழுதை! முதலில் தாட்சா அக்காவுக்குத்தான் தாங்கவில்லை, டீ புரையேறுகிறது, மெஹர் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பயத்தோடு பார்க்கிறாள், அவள் சிரித்துவிடக் கூடாது என்று பயப்படுகிறாள், ஆனால் நான்தான் முதலில் வெடிக்கிறேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன், ஏனென்றால் அது நல்ல கழுதை, கதவைவிட நல்ல கழுதை, அதை நான் பார்த்துவிட்டேன், பச்சைக் கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறது, ஒரு காது மடங்கியிருக்கிறது. சிரிப்பு ஓய்ந்ததும் சொல்கிறேன், "க-கதவுதான்டா. ஆனா க-கழுதையும் இருக்கட்டும்." ஜெரால்டு கை இரண்டையும் தூக்குகிறான், கோல் போட்ட மாதிரி. மேலே சொல்கிறேன், திக்கித் திக்கித்தான் சொல்கிறேன், திக்கல் எங்கேயும் போய்விடவில்லை, ஆனால் எனக்குப் போக வேண்டிய ஊர் தெரிந்துவிட்டது, இந்தத் தடவை அதே ஊரில்தான் இறங்கப்போகிறேன். கழுதையின் கழுத்தில் கயிறு, கயிற்றின் மறுமுனை கதவின் தாழ்ப்பாளில், கழுதை இழுத்தால் கதவு திறக்கும், ஆனால் கழுதை நினைத்தால்தான் இழுக்கும். சட்டியைக் கழுதை முதுகில் ஏற்றிவிட்டேன், உள்ளே ராஜா தளக் தளக்கென்று ஆடுகிறார், காரட்டைக் காட்டினேன், கழுதை இழுத்தது, கதவு திறந்தது. "அப்புறம்?" என்கிறார் தாட்சா அக்கா. அப்புறம் வெறும் முகம் இருக்கிறது, அதில் நான் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். எதை வைப்பது? கத்தியா கரண்டியா கடுகா என்று எனக்காக யாரோ ஒருவர் எப்போதும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், பஸ்ஸில், கடையில், கல்யாண வீட்டில், நான் ஒரு எழுத்தைத் தொடங்கினால் போதும், எதிரே இருப்பவர் தனக்கு வேண்டிய சொல்லைத் தானே போட்டு முடித்துக்கொண்டு தானே திருப்தியாகிப் போய்விடுகிறார். அட. அட! எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. "அங்க ஒரு கா-காவக்காரன் நிக்கிறான். மெஹர், நீதான் காவக்காரன். சட்டியில என்னன்னு கேளு."

மெஹர் முதுகை நிமிர்த்தி மீசையை முறுக்குவதுபோல விரலை முறுக்குகிறாள். "யார்ரா அது? சட்டியில என்னடா?" நான் சமையல்காரனாகி வாயைத் திறக்கிறேன். வேண்டுமென்றே ப-வை எடுக்கிறேன், வாழ்நாளில் முதல் தடவையாக வேண்டுமென்றே. "ஐயா, சட்டியில ப, ப, ப..." பாதி நடிப்பு, பாதி நிஜம், எது எது என்று எனக்கே தெரியவில்லை, உதடு ஒட்டிக்கொள்கிறது, நான் அதை விரட்டவில்லை, அப்படியே வைத்துக்கொண்டு அவள் கண்ணைப் பார்க்கிறேன். மெஹர் ஒரு கணம் மெஹராகிவிடுகிறாள், சொல்லட்டுமா என்று கண்ணால் கேட்கிறாள், நான் சொல் என்று கண்ணால் சொல்கிறேன். இதற்கு முன்னால் நாங்கள் இதைப் பற்றி இவ்வளவுகூடப் பேசிக்கொண்டதில்லை. "என்னடா, பருப்பா?" என்கிறாள் காவல்காரி. நான் தலையை ஒரு பக்கமாக ஆட்டுகிறேன். "பாயசமா?" "ப..." "பாயசந்தானே! விருந்துக்குப் பாயசமா? அத முதல்லயே சொல்றதுக்கு என்ன, போ போ, ஆறிடப் போகுது!" ஒரு பொய்கூடச் சொல்லாமல் சமையல்காரன் வெளியே வந்துவிட்டான். அவன் சொன்னது ஒரே ஒரு எழுத்து. மீதியைக் காவல்காரனே சொல்லிக்கொண்டான். மாடி அதிர்கிறது. தாட்சா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடப் பாவி, அடப் பாவி," என்று என் தோளில் குத்துகிறார். ஜெரால்டு எழுந்து நின்று கை தட்டுகிறான், அப்புறம் தட்டுவதை நிறுத்திவிட்டு, "டேய் ரங்கா, நான் அப்பப்ப இப்படித்தான் உனக்கு முன்னாடி சொல்லிடுறேன்ல?" என்கிறான், குரல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. "ஆமா," என்கிறேன். "எ-எப்பவும் தப்பாத்தான் சொல்ற. ஆனா க-கழுதை நல்லா இருந்துச்சு." அவன் மறுபடி சிரிக்கிறான், நானும். மேசைக்கடியில் கைபேசியை எடுத்து அந்தச் செய்தியை அழிக்கிறேன், கடைசி மன்னிக்கவும் தொடங்கி முதல் எழுத்து வரைக்கும், அழிக்கும்போது கைக்கு இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று தெரியாது. குளத்தங்கரை வரைக்கும் ராஜாவைக் கொண்டு சேர்த்துவிட்டேன். இன்னும் சொல்ல இருக்கிறது, குளத்தில் ஏற்கெனவே ஒரு ராணி மீன் இருக்கிறாள், ஆனால் என் முறை முடிந்துவிட்டது, முடிந்துவிட்டதே என்று வருத்தமாக இருக்கிறது, என் வாழ்க்கையில் பேச்சு முடிந்துவிட்டதே என்று நான் வருத்தப்பட்ட முதல் நாள் இதுதான்.

ஜெரால்டு முறை. கையில் பகடைகளைக் குலுக்குகிறான், ஊத நினைத்து இது தன்னுடைய பகடை இல்லை என்று ஞாபகம் வந்து நிறுத்துகிறான், பிறகு இருக்கட்டும் என்று ஊதிவிட்டே உருட்டுகிறான். கண், கண், தீ. "ம்," என்கிறான். பகடையைத் திருப்பிப் பார்க்கிறான், அடியில் ஏதாவது எண் ஒளிந்திருக்கிறதா என்பதுபோல. "அதாவது என்ன ஆகுதுன்னா," என்கிறான். நிறுத்துகிறான். "ரெண்டு கண்ணு. அந்தக் கண்ணு வந்து..." காது மடல் சிவக்கிறது. வாய் திறக்கிறது, மூடுகிறது. வெயிலில் நிற்கிறவனுக்கு ரெயின்கோட் விற்கிறவன், எங்கள் ஜெரால்டு, அவன் கழுத்தில் நரம்பு புடைப்பதை இன்றுதான் பார்க்கிறேன், அந்த நரம்பு எனக்கு நன்றாகத் தெரிந்த நரம்பு. மெஹர் முன்னால் சாய்ந்து, "வேணும்னா ஒரு ஐடியா தரவா?" என்கிறாள். தாட்சா அக்கா ஆரம்பித்தேவிட்டார், "குளத்துக்குள்ள ரெண்டு கண்ணு தெரியுதுன்னு வையி..." நான் கையைத் தூக்கி அவர்களை மறிக்கிறேன். ஜெரால்டு என்னைப் பார்க்கிறான். அவன் வாயைப் பார்க்காமல் கண்ணைப் பார்க்கிறேன், முகத்தில் கருணை எதுவும் வந்துவிடாமல், கதை கேட்க வந்தவன் எப்படிப் பார்ப்பானோ அப்படி.

"சும்மா இருங்கக்கா," என்கிறேன். "வ-வரும்."